விழும் நீர் எதை இழக்கிறது?

திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில், கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. மலைக்கு மேலே, நாமக்கல் மாவட்ட எல்லைக்குள், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகில் ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. விழுந்த நீர் ஐயாறாகக் காட்டுப் பள்ளத்தாக்கில் பாறைக்குப் பாறை இறங்கி வந்து, புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. விடுமுறை நாட்களில் அங்கே குளிக்க வருகிறவர்கள் பார்ப்பது தெளிந்த நீரையும் வழவழத்த பாறைகளையும்தான். ஆனால் இயற்பியலின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்றை அந்த ஓடை தன்னோடு சுமந்து வருகிறது. மலைமேல் இருந்த ஒரு லிட்டர் நீர்தான் அடிவாரத்திலும் ஒரு லிட்டராக இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் மாறவில்லை. ஆற்றல் அழியாது என்பதால் ஆற்றல் கணக்கிலும் பைசா குறையவில்லை. அப்படியிருந்தும் அந்த நீர் ஒருபோதும் தானாக மேலே திரும்பாது. அப்படியானால் இறங்கும் வழியில் அது இழந்தது என்ன?

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இந்தக் கேள்விக்கான விடை. என்ட்ரோபி என்ற அளவு, தனித்து விடப்பட்ட எந்த அமைப்பிலும் குறையாது என்கிறது அந்த விதி. பள்ளிக்கூடத்திலும் மேடைப் பேச்சிலும் இது வேறு வடிவில் புழங்குகிறது: என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை; உலகம் ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்குப் போய்க்கொண்டிருக்கிறது; எல்லாம் சிதைவதே இயற்கை. இந்தச் சுருக்கம் விதியின் பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியை மறைத்தும் விடுகிறது. வேறுபாடுகள் சமமாகின்றன என்பதுதான் இரண்டாம் விதியின் சாரம். மேடும் பள்ளமும், சூடும் குளிர்ச்சியும், செறிவும் செறிவின்மையும் ஒன்றையொன்று நோக்கிக் கரைகின்றன. அப்படிக் கரையும் வழியில்தான் அருவியும் மேகமும் காடும், மலையின் தாதுவும்கூட உருவாகின்றன. சிதைவுக்கும் உருவாக்கத்துக்கும் இரண்டு விதிகள் தேவையில்லை. இரண்டையும் ஒரே விதி நடத்துகிறது என்பதற்குப் புளியஞ்சோலையைவிட நல்ல சான்றுக்கூடம் தமிழ்நாட்டில் அதிகம் இராது.

முதலில் அருவி. இந்த விதியின் வரலாறே ஓர் அருவி உவமையில்தான் தொடங்கியது. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ நீராவி இயந்திரங்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அருவி நீர் சக்கரத்தைச் சுழற்றும்போது கிடைக்கும் வேலை, நீரின் அளவையும் விழும் உயரத்தையும் பொறுத்தது. அதேபோல், நீராவி இயந்திரம் தரும் வேலை, சூடான கொதிகலனிலிருந்து குளிர்ந்த பகுதிக்குப் போகும் வெப்பத்தின் அளவையும் அவற்றுக்கு இடையிலான வெப்பநிலை வேறுபாட்டையும் பொறுத்தது என்றார் அவர். வெப்பத்தை அழியாத ஒரு பாய்மமாக அவர் நினைத்தது தவறு. நீர் விழுந்தாலும் நீராகவே இருக்கிறது. இயந்திரத்தில் புகுந்த வெப்பமோ ஒரு பகுதி வேலையாகவே மாறிவிடுகிறது. இந்தத் தவற்றை 1850-இல் ருடால்ஃப் கிளாசியஸ் திருத்தினார். 1865-இல் என்ட்ரோபி என்ற பெயரையும் அவரே தந்தார். ஆனாலும் கார்னோவின் உள்ளுணர்வு வீண்போகவில்லை என்பதே என் கருத்து. குறையே இல்லாத ஓர் இயந்திரத்தில் சூட்டிலிருந்து குளிருக்கு, கூடாமல் குறையாமல் இறங்குவது ஒன்று உண்டு. அது வெப்பம் இல்லை, என்ட்ரோபி. அவர் தேடிய 'விழும் நீர்' இருக்கவே செய்தது. அதை அளக்கும் முறைதான் அப்போது கையில் இல்லை.

சக்கரம் இல்லாத அருவிதான் ஆகாய கங்கை. 90 மீட்டர் விழும் ஒரு கிலோ நீர், அந்த உயரத்தால் தன்னிடம் இருந்த சுமார் 880 ஜூல் ஆற்றலை வேகமாக மாற்றிக்கொண்டு தடாகத்தில் மோதுகிறது. மோதும் இடத்தை உற்றுப் பார்த்தால், அந்த வேகம் என்ன ஆகிறது என்பது படிப்படியாகத் தெரியும். விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு தடாகத்துக்குள் இறங்கி வெண்ணுரையாக மேலே வருகிறது. நுரைக்கு அடியில் ஓராள் அகலச் சுழல்கள் எழுகின்றன. அவை கையகலச் சுழல்களாக உடைகின்றன. அவையும் விரலளவாக, கண்ணுக்கே தெரியாத அளவாக உடைகின்றன. கடைசியில் மில்லிமீட்டர் அளவில் நீரின் பாகுத்தன்மை அவற்றை விழுங்கிவிடுகிறது. ஒரே திசையில் சேர்ந்து வந்த கோடானுகோடி மூலக்கூறுகளின் வேகம், திசையற்ற நடுக்கமாகப் பிரிந்துபோகிறது. அந்த நடுக்கத்தைத்தான் வெப்பம் என்கிறோம். 880 ஜூலும் இப்படி வெப்பமானால் ஒரு கிலோ நீரின் வெப்பநிலை 0.21 டிகிரி செல்சியஸ் உயரும். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரையிலான இறக்கத்தை முக்கால் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்த உயர்வு 1.8 டிகிரிக்குள் அடங்கும்.

இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1845-இலேயே இந்தக் கணக்கைப் போட்டார். நயாகரா நீர் 160 அடி விழுவதால் ஃபாரன்ஹீட் அளவில் ஐந்தில் ஒரு டிகிரி சூடேற வேண்டும் என்று எழுதினார். 1847-இல் ஆல்ப்ஸ் மலையில் ஓர் அருவியின் மேலும் கீழும் வெப்பமானி வைத்து அளக்க முயன்றார். நீர் சாரலாக உடைந்து சிதறியதால் அளவு கைகூடவில்லை. ஆகாய கங்கையிலும் அதே சிக்கல்தான் வரும். சாரல் ஆவியாகும்போது நீர் குளிர்கிறது. அடிவாரத்தை நெருங்க நெருங்க வெதுவெதுப்பான காற்று நீரைச் சூடாக்குகிறது. மோதலால் வரும் 0.21 டிகிரியை இவை எளிதாக மூழ்கடித்துவிடும். அதனால் புளியஞ்சோலை ஓடையில் கை வைத்து இதை உணர முடியாது. இரண்டாம் விதி இவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய உயரம் ஒன்று மறைகிறது; பதிலுக்குக் கிடைப்பதோ கவனிக்கவே முடியாத இளஞ்சூடு.

இனி, நீர் தானாக மேலே திரும்பாமல் தடுப்பது எது என்று பார்ப்போம். தடாகத்தின் ஒரு துளி 0.21 டிகிரி குளிர்ந்து, அந்த வெப்பத்தையே வேகமாக்கி, 90 மீட்டர் மேலே எழும்பினால் ஆற்றல் அழியாமை விதி எதிர்க்காது. நியூட்டனின் இயக்க விதிகளும் எதிர்க்க மாட்டா. எதிர்ப்பது எண்ணிக்கை. 880 ஜூல் வெப்பம் அறை வெப்பநிலையில் ஒரு கிலோ நீரில் பரவும்போது என்ட்ரோபி கெல்வினுக்கு ஏறத்தாழ 3 ஜூல் கூடுகிறது. இந்த அளவுக்கு லுட்விக் போல்ட்ஸ்மன் 1877-இல் தந்த பொருள், மூலக்கூறுகள் அந்த நிலையில் எத்தனை விதமாக அமைய முடியும் என்பதே. எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து போக வெகு சில வழிகளே உண்டு. தாறுமாறாக நடுங்கவோ எண்ணற்ற வழிகள். ஒரு லிட்டர் வேண்டாம், 0.05 கிராம் எடையுள்ள ஒரே ஒரு துளிக்குக் கணக்குப் போட்டால், அது தானாக மேலெழும் வாய்ப்பு, ஒன்றின் கீழ் ஓர் எண். 1-க்குப் பின்னால் சுமார் 47,000 கோடி கோடி சுழிகள் கொண்ட எண். அவற்றை எழுதி முடிக்கவே பிரபஞ்சத்தின் வயது போதாது.

மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கொண்டு இரண்டாம் விதியை விளக்கும் போல்ட்ஸ்மனின் முயற்சியை அவர் காலத்திலேயே இருவர் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்புகளை இன்றும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1876-இல் ஜோசப் லோஷ்மிட் கேட்டது: மூலக்கூறுகளின் இயக்கத்தில் முன்னும் பின்னும் என்ற வேறுபாடே இல்லை, எல்லா வேகங்களையும் திருப்பிவிட்டால் அருவி மேல்நோக்கி ஓட வேண்டுமே, அப்படியிருக்க ஒரு திசை விதி எங்கிருந்து வந்தது? 1896-இல் எர்ன்ஸ்ட் செர்மெலோ கேட்டது: அடைபட்ட எந்த அமைப்பும் போதிய காலம் கழிந்தால் தொடக்க நிலைக்கு மிக அருகில் திரும்பும் என்று கணிதம் நிறுவியிருக்கிறது, அப்புறம் என்ட்ரோபி 'எப்போதும்' கூடும் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது கேள்விக்கு மிகத் தெளிவான எண்களைத் தந்தவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்கள் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1943-இல் 'ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில், இரண்டாம் விதி எதுவரை செல்லும் என்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். போலந்து அறிஞர் ஸ்மொலுகோவ்ஸ்கியின் கோட்பாட்டைக் கொண்டு, காற்றில் ஒரு சிறு கோளத்துக்குள் மூலக்கூறுகளின் எண்ணிக்கை தற்செயலாக ஒரு சதவீதம் விலகி, மறுபடியும் அதே விலகல் வர எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டார். கோளத்தின் ஆரம் ஒரு சென்டிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்காக இருந்தால், விநாடியின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு காலம் போதும். லட்சத்தில் இரண்டரைப் பங்காக இருந்தால் ஒரு விநாடி. லட்சத்தில் ஐந்து பங்கானால், 1-க்குப் பின்னால் 68 சுழிகள் போட்ட விநாடிகள். பிரபஞ்சத்தின் இன்றைய வயதுக்குப் பதினெட்டு இலக்க விநாடிகளே போதும். ஒரு சென்டிமீட்டர் கோளத்துக்கோ, அந்த எண்ணில் உள்ள சுழிகளே பத்து லட்சம் கோடிகளில் எண்ணப்பட வேண்டும்.

ஆரம் இரு மடங்கானதும் ஒரு விநாடி, பிரபஞ்சத்தைவிட நீண்ட காலமாகிவிடுகிறது. அந்தக் கட்டுரையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். இரண்டாம் விதி கல்லில் வெட்டிய தடை அன்று. நுண்ணிய அளவில் அது கணந்தோறும் மீறப்படுகிறது. 2002-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில், நீரில் மிதந்த நுண்மணி ஒன்றை லேசர் ஒளியால் பிடித்து இழுத்த ஆய்வாளர்கள், ஓரிரு விநாடிகள் வரை அந்த மீறலை நேரடியாகவே கண்டார்கள். நாம் வாழும் அளவிலோ, ஒரு துளியின் அளவில்கூட, விதியை நம்பி எதையும் பணயம் வைக்கலாம். ஆக செர்மெலோ சொன்னது கணக்கில் சரி, காலத்தில் பொருளற்றது. லோஷ்மிட்டின் கேள்வி இன்னும் ஆழமானது. அதற்குச் சொல்லக்கூடிய விடை, திசை விதியில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது என்பதே. நீர் மலைமேல் இருந்ததால்தான் கீழே வருகிறது. அதை மேலே வைத்தது எது என்று கேட்டுக்கொண்டே போனால் சூரியனுக்கும், சூரியனுக்கு முன்பிருந்த ஹைட்ரஜன் முகிலுக்கும், கடைசியில் பிரபஞ்சத்தின் தொடக்கம் ஏன் அவ்வளவு குறைந்த என்ட்ரோபியில் இருந்தது என்ற கேள்விக்கும் வந்து சேர்வோம். அந்தக் கடைசிக் கேள்விக்கு இயற்பியலில் இன்னும் ஒப்புக்கொள்ளப்பட்ட விடை கிடையாது.

அருவி வரை 'ஒழுங்கின்மை' என்ற விளக்கம் தாக்குப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பிக்க எளிதாக இருக்கிறதே, அதை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அது பொய்த்துப்போகும் இடங்கள் ஓரத்தில் இல்லை, நடுவிலேயே இருக்கின்றன என்பதுதான் என் பதில். எண்ணெயையும் நீரையும் கலக்கி வைத்தால் அவை தாமாகப் பிரிகின்றன. பிரிந்த நிலைதான் கண்ணுக்கு ஒழுங்கானது. ஆனால் மொத்த என்ட்ரோபி கூடியதால்தான் பிரிந்தன. எண்ணெயைச் சூழ்ந்து நிற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து நீர் மூலக்கூறுகள் விடுபடுகின்றன. இதே காரணத்தால்தான் புளியஞ்சோலைக் காட்டில் உள்ள ஒவ்வோர் இலையிலும் உயிரணுவின் சவ்வு தானாக ஒட்டி நிற்கிறது. புரதங்களும் பெரும்பாலும் இதனால்தான் தம் வடிவத்துக்கு மடிகின்றன. 1957-இல் ஆல்டரும் வெய்ன்ரைட்டும் கணினியில், ஒன்றையொன்று ஈர்க்காத வெறும் கடினக் கோளங்களை நெருக்கிப் பார்த்தார்கள். அவை படிகமாக அடுக்கிக்கொண்டன. ஈர்ப்பு விசை ஏதும் இல்லாததால், அந்த அடுக்கை என்ட்ரோபியே உண்டாக்கியது எனலாம். அடுக்கி நின்றால் ஒவ்வொன்றுக்கும் அசைய அதிக இடம் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கும் என்ட்ரோபியும் ஒரே பொருளின் எதிரெதிர் முனைகள் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நீரை மலைமேல் வைத்தது எது என்ற கேள்விக்கு மீண்டும் வருகிறேன்; இந்தக் கட்டுரையின் மையம் அங்கேதான் இருக்கிறது. மேல்நோக்கிப் போகும் நீர், விதிக்கு விலக்கு போலத் தெரியும். வங்கக் கடலின் மேற்பரப்பில் ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். சூரியன் அதைத் தருகிறது. ஆவி காற்றோடு உயர்ந்து கொல்லிமலைச் சரிவில் மோதிக் குளிர்ந்து மேகமாகும்போது, அந்த 24 லட்சம் ஜூலும் சுற்றியுள்ள காற்றுக்கே திரும்பக் கிடைக்கிறது. காற்று சூடேறி இன்னும் மேலே எழுகிறது. மழை என்ற இயந்திரம் ஓடுவதே இந்த வெப்பத்தால்தான். பின்னர் அந்த வெப்பம் அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குப் போய்விடுகிறது. ஒரு கிலோ நீர் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறியதால் அதனிடம் தங்குவது வெறும் 9,800 ஜூல். சூரியன் கொடுத்ததில் ஆயிரத்தில் நான்கு பங்கு. ஆகாய கங்கையில் விழும்போது வெளிப்படும் 880 ஜூலோ பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. அருவியின் முழக்கம் முழுவதும் இந்தச் சிறு மிச்சத்திலிருந்து வருகிறது.

இந்த விகிதத்தை விரயம் என்று படிப்பவர்கள் உண்டு. நான் படிப்பது வேறு மாதிரி. வெதுவெதுப்பான கடலிலிருந்து குளிர்ந்த மேல்வளிமண்டலத்துக்கு வெப்பம் இறங்கிய இறக்கம்தான் நீரை மலையேற்றியது. கார்னோவின் இயந்திரம் இதுவேதான். கொதிகலன் கடல், குளிர்கலன் வானம். பெரிய இறக்கம் ஒன்று சிறிய ஏற்றம் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. மொத்தத்தில் என்ட்ரோபி கூடுகிறது, விதி மீறப்படவில்லை. ஆனால் அதன் நடுவில் மேடு ஒன்று புதிதாகப் பிறந்திருக்கிறது. வேறுபாடுகள் கரையும் போக்கிலேயே புது வேறுபாடுகள் உண்டாகும் என்று முன்பு சொன்னதற்கு எண்ணோடு கூடிய சான்று இது.

காட்டில் இதே கணக்கு இன்னும் நுட்பமாகிறது. ஓடையின் மேல் கவிந்து நிற்கும் ஒரு மரத்தின் இலையை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பக்கத்தில் நுண்ணிய துளைகள். கரிவளியை உள்ளே விட அவை திறக்கும்போது நீராவி வெளியே போகிறது. ஒரு கரிவளி மூலக்கூறைப் பிடித்துச் சர்க்கரையாக்க, இத்தகைய மரங்கள் சில நூறு நீர் மூலக்கூறுகளை இழக்கின்றன. இலை மேல் விழும் வெயிலில் ஓரிரு சதவீதமே சர்க்கரையாகத் தங்குகிறது; பெரும்பகுதி நீரை ஆவியாக்கிப் போய்விடுகிறது. இலைக்குள் உருவாகும் ஒழுங்கு உண்மை. அதற்காக வெளியே தள்ளப்படும் என்ட்ரோபி அதைவிடப் பன்மடங்கு பெரியது என்பதும் உண்மை. உயிர் தானாகத் தோன்றியிருக்க முடியாது, இரண்டாம் விதி அதைத் தடுக்கிறது என்று மதவாதிகளில் சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். விதி பேசுவது தனித்து விடப்பட்ட அமைப்பைப் பற்றி. புவியோ சூரியனுக்கும் இருண்ட வானத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஏறத்தாழ 5,800 கெல்வின் வெப்பத்தில் புறப்பட்ட ஓர் ஒளித்துகள் இங்கே வந்தால், அதே ஆற்றல் சராசரி 255 கெல்வினில் ஏறக்குறைய இருபது அகச்சிவப்புத் துகள்களாக வெளியேறுகிறது. வரவும் செலவும் ஆற்றலில் சமம். எண்ணிக்கையில் ஒன்றுக்கு இருபது. இந்த இடைவெளியில்தான் மேகமும் மழையும் காடும் நாமும் இருக்கிறோம். உயிர்கள் போட்டியிடுவது ஆற்றலுக்காக அல்ல, சூடான சூரியனிலிருந்து குளிர்ந்த புவிக்கு ஆற்றல் இறங்கும்போது கிடைக்கும் வாய்ப்புக்காக என்று போல்ட்ஸ்மன் 1886-ஆம் ஆண்டு உரையிலேயே சொல்லிவிட்டார். எர்வின் ஷ்ரோடிங்கரின் 'உயிர் என்றால் என்ன?' என்ற 1944-ஆம் ஆண்டு நூல் இதே கருத்தை உலகறியச் செய்தது.

இங்கே ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். வேறுபாடுகளை எவ்வளவு வேகமாகக் கரைக்க முடியுமோ அவ்வளவு வேகமாகக் கரைக்கும் அமைப்புகளையே இயற்கை தேர்ந்தெடுக்கிறது, காடு உண்டானதும் அதனால்தான் என்று சில ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். கவர்ச்சியான கருத்துதான். ஆனால் அது நிறுவப்பட்ட விதியாக இன்னும் ஆகவில்லை. சில பாய்வுகளுக்குப் பொருந்துகிறது, சிலவற்றுக்குப் பொருந்தவில்லை. இரண்டாம் விதி ஒழுங்கு பிறக்க இடம் தருகிறது, பிறந்தாக வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. நிலவும் சூரியனுக்கும் இருண்ட வானத்துக்கும் நடுவில்தான் நிற்கிறது. அங்கே காடு இல்லை. நீரும், வேதியியலும், நானூறு கோடி ஆண்டுப் பரிணாமமும் விதியிலிருந்து நேரே வருபவை அல்ல. அவை புவியின் வரலாற்றிலிருந்து வந்தவை.

கொல்லிமலையின் பாறையிலும் இந்த விதியின் கைத்தடம் உண்டு. மலையின் உடல் பெரும்பாலும் சார்னோகைட் என்ற மிகப் பழைய பாறை. அதன் மேல், உச்சிச் சமவெளிகளில், பாக்சைட் படிவுகள். லட்சக்கணக்கான ஆண்டு மழை பாறைக்குள் கசிந்து சிலிக்காவையும் சுண்ணத்தையும் சோடியத்தையும் கரைத்து ஓடைகள் வழியே கீழே கொண்டுபோய்விட்டது. எளிதில் கரையாத அலுமினியச் சேர்மங்கள் மட்டும் மேலே தங்கிச் செறிவாயின. புளியஞ்சோலை வழியாக இறங்கிய நீர் எவ்வளவு பொருளைச் சிதறடித்ததோ, அதன் மறுபக்கமாக மலையுச்சியில் ஒரு குவியல் எழுந்தது. அந்தக் குவியலைத்தான் மேட்டூர் அலுமினிய ஆலை வெட்டி எடுத்துப் பயன்படுத்தியது. ஒரு கிலோ அலுமினியத்தை உருக்கிப் பிரிக்க இன்றும் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். மழை செய்துவைத்த செறிவாக்கம் இல்லாமல் சாதாரணப் பாறையிலிருந்து தொடங்கினால், செலவு பல மடங்காகும். பழைய அலுமினியத்தைச் சேர்த்து மீண்டும் உருக்கினாலோ அந்த மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு ஈடான ஆற்றலே போதும். ஆனால் சேர்ப்பதே செலவு. வண்ணப்பூச்சிலும் தூளிலும் கரைந்துபோன அலுமினியத்தை யாரும் திரும்ப எடுப்பதில்லை. பொருளாதார அறிஞர் நிகோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் 1971-இல் என்ட்ரோபி விதியைப் பொருளாதாரத்தின் அடித்தளத்தில் வைத்தார். பின்னர், சிதறிய பொருளையும் முழுதாக மீட்கவே முடியாது என்று வாதிட்டார். அந்த இரண்டாவது கூற்றை நான் ஏற்கவில்லை. போதிய ஆற்றல் இருந்தால் எந்தச் சிதறலையும் மீட்கலாம் என்றே இயற்பியல் சொல்கிறது. ஆனால் அந்த ஆற்றல் வேறோர் இறக்கத்திலிருந்து வந்தாக வேண்டும் என்பதில் அவர் சொன்னது முழுக்கச் சரி.

இத்தனையும் ஏட்டுக் கேள்விகள் என்று ஒதுக்கிவிட முடியாது. கொல்லிமலையின் ஓடைகளைத் தடுத்துத் திருப்பி, அடிவாரத்தில் 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நீர்மின் திட்டம் தமிழக மின்வாரியத்துடையது. இத்தகைய திட்டங்களுக்கு ஆதரவாக எப்போதும் சொல்லப்படும் வாதம், நீர் வீணாக விழுகிறது என்பது. இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. பாறையில் மோதி 0.21 டிகிரியாகக் கரைந்துபோகும் உயரத்தை, நல்ல விசையாழி ஒன்று பத்தில் ஒன்பது பங்கு மின்சாரமாக்கும். நிலக்கரி மின்நிலையத்தில் எரியும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் வெளியே கொட்டப்படுகிறது. நீரின் உயரம் அந்த வகையில் மிக உயர்ந்த தரமான ஆற்றல். வெப்ப இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கார்னோவின் வரம்பு அதற்குப் பொருந்தாது. எரிக்காமல் கிடைக்கும் மின்சாரத்தின் மதிப்பை இன்றைய காலநிலை நெருக்கடியில் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் 'வீண்' என்ற சொல் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. குழாய்க்குள் இறங்கினாலும் அந்த உயரம் கரைந்தே தீரும். மின்சாரமாகி ஏதோ ஒரு வீட்டின் விசிறியில், மோட்டாரில், அடுப்பில் கடைசியாக அதே இளஞ்சூடாகத்தான் முடியும். இரண்டு வழிகளிலும் முடிவு ஒன்று. வழியில் நடப்பதே வேறு. ஓடையில் இறங்கும்போது அந்த 880 ஜூல் நீருக்குள் காற்றைக் கலக்கிறது. மீனும் நீர்ப்பூச்சியும் மூச்சுவிட அதுவே உதவுகிறது. சாரலால் பாறைச் சுவர்களை நனைத்து, ஈரம் இல்லாமல் வாழாத பாசிகளையும் பெரணிகளையும் காக்கிறது. மணலையும் சருகையும் நகர்த்தித் தடாகங்களைத் திறந்து வைக்கிறது. இவை யாவும் வேலைதான். யாரும் யூனிட் போட்டு அளக்காத வேலை. இவற்றோடு, இறங்கி வந்த நீரே ஐயாற்றுப் பாசன வயல்களுக்கும் கிணறுகளின் ஊற்றுக்கும் போகிறது என்பது தனிக் கணக்கு. விசையாழியிலிருந்து நீர் எந்த இடத்தில், எந்த மாதத்தில் ஆற்றுக்குத் திரும்புகிறது என்பதே அதைத் தீர்மானிக்கும்.

எண்ணாகவே பார்ப்போம். முக்கால் கிலோமீட்டர் உயரம் முழுவதும் கிடைத்து, விசையாழி தொண்ணூறு சதவீதத் திறனில் ஓடினாலும், 20 மெகாவாட் எடுக்க விநாடிக்குச் சுமார் 3 கனமீட்டர், அதாவது 3,000 லிட்டர் நீர் வேண்டும். உயரம் குறையக் குறைய அந்த அளவு கூடும். மழைக்காலத்தில் பெருகி, பங்குனி சித்திரையில் மெலிந்து ஓடும் மலை ஓடைகளிடம் ஆண்டு முழுவதும் இதைக் கேட்க முடியாது. ஆகவே உண்மையான தேர்வு திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வியில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் எவ்வளவு எடுப்பது, கோடையில் எவ்வளவைத் தொடாமல் விடுவது, அந்தக் கோடை அளவை யார் அளந்து எங்கே வெளியிடுவது என்பதில் இருக்கிறது. தடுப்பணைகளில் ஒவ்வொன்றிலும் நீர்மானி வைத்து, நாள்வாரியான ஓட்டத்தை மலைமேல் செம்மேட்டிலும் கீழே புளியஞ்சோலையிலும் தமிழில் எழுதி வைப்பது மின்வாரியத்துக்குப் பெரிய செலவாகாது. அந்த எண்கள் இல்லாமல் 'வீணாகும் நீர்' பற்றி எந்தத் தரப்பு பேசினாலும், செலவு எது வரவு எது என்று தெரியாமலேதான் பேச வேண்டியிருக்கும்.